வயிறு யாருக்கோ அவுக சொல்லட்டும்

அந்த டாக்டரம்மாவின் அறையில் ஒரே ஒரு முக்காலிதான் கிடக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் அவருடைய பிரம்பு நாற்காலி, இந்தப் பக்கம் முக்காலி. அதில் பிள்ளைத்தாய்ச்சி மட்டும்தான் உட்கார வேண்டும். கூட வந்த மாமியார், நாத்தனார், சித்தி, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் சுவரோரமாக நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது, வாயையும் மூடிக்கொண்டு நிற்க வேண்டும். சிவகாசியில் அதைவிடக் கஷ்டமான காரியம் வேறு இருந்திருக்காது.

ஊரில் எல்லாரும் அவரை லேடி டாக்டர் என்பார்கள். நேரில் டாக்டரம்மா. அந்தச் சின்ன முனிசிபல் பிரசவ ஆஸ்பத்திரியின் வாசல் போர்டில் அவர் பெயர் பட்டத்தோடு எழுதியிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

ஒல்லியான, உயரமான உடம்பு. நாற்பது வயதுக்குள்ளேயே முன்னந்தலை நரைத்திருந்தது. வெள்ளைப் புடவை, கையில் ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய வாட்ச். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர் என்றார்கள். குரல் உயராது. ஆனால் ஒரு கேள்வி கேட்டால், பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் சேர்த்துக்கொண்டு, எதிரில் இருக்கிறவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார். வெளியே வரிசை ரோடு வரை நின்றாலும் காத்திருப்பார். சுவரோரத்திலிருந்து யாராவது பதில் சொல்ல வாயெடுத்தால், திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்துவார்.

"வயிறு யாருக்கோ அவுக சொல்லட்டும்."

இதை அவர் சொல்லிக் கேட்காத பொம்பிளை அந்த வட்டாரத்தில் இருந்திருக்க மாட்டாள்.

நான் முதன்முதலில் அவர் முன்னால் உட்கார்ந்தது ஐம்பதுகளின் நடுவில். விருதுநகரில் பிறந்து, சிவகாசியில் வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் குடும்பத்துக்கு விஸ்வநத்தம் போகிற வழியில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. மாமனார் இல்லை. வீட்டிலும் கம்பெனியிலும் மாமியார் வைத்ததுதான் சட்டம். தீபாவளி சீசனில் எந்த ஆர்டருக்கு எந்த லோடு முதலில் போகவேண்டும் என்பதைக்கூட அவர்தான் சொல்வார். அப்படிப்பட்டவர் என் பின்னால் சுவரோரமாக நின்றார்.

"உன் பேரென்ன தாயி?" என்றார் டாக்டரம்மா.

என் மாமியார் என் பெயரைச் சொன்னார்.

உள்ளங்கை உயர்ந்தது. "அவளுக்குத் தெரியும்லா? அவ சொல்லட்டும்."

யோசித்துப் பார்த்தால், கல்யாணமான பிறகு என் பெயரை நானே சொல்லவேண்டிய அவசியம் ஒருதடவைகூட வந்ததில்லை. நான் இன்னார் மருமகள், இன்னார் பெண்சாதி. வாயைத் திறந்து பெயரைச் சொன்னபோது யாரோ ஒரு மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"நல்லா சாப்பிடுறியா?"

"அதெல்லாம் நல்லா சாப்பிடுவா டாக்டரம்மா. எங்க வீட்ல எதுக்கும் குறைச்சல் கிடையாது" என்றது பின்னாலிருந்து குரல்.

டாக்டரம்மா காத்திருந்தார். பேனா மேஜையில் கிடந்தது. கூடத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுது ஓய்ந்தது. நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. எனக்கு ராச்சாப்பாடு ஒரு கிண்ணம் கஞ்சிதான். மாமியார் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவருக்கும் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

"ராத்திரி பசிக்கும்" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"எம்புட்டு பசிக்கும்?"

"தூக்கம் வராத அளவுக்குப் பசிக்கும்."

அப்போதுதான் அவர் என் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "கேட்டீகளாம்மா? ஒங்க மருமக உங்ககிட்டச் சொல்லத் தயங்கியிருக்கா. இனிமே ராத்திரியும் சோறு, பருப்பு, கீரை, ஒரு டம்ளர் பால் குடுங்க. பிள்ளை பெருக்காது. தாய்க்குத் தெம்பு வரும்."

குதிரை வண்டியில் வீடு திரும்பினோம். வீட்டுப் படியேறும்போதுதான் என் மாமியார் சொன்னார்: "ஏத்தா, பசிக்குன்னு எங்கிட்டச் சொன்னா நான் என்ன கடிச்சா வச்சிருவேன்?" அன்று இரவு என் தட்டில் சோறு மலைபோல் இருந்தது. கோபத்தில் அள்ளி வைத்த சோறுதான். எனக்கு அது அமிர்தமாக இருந்தது.

அடுத்த தடவையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் மாமியார் முணுமுணுப்பார். "கல்யாணம் காட்சி பாக்காத பொம்பளைக்கு நம்ம வீட்டு நடப்பு என்ன தெரியும்?" என்பார். ஆனால் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லவில்லை. அந்த அம்மா கை வைத்த பிரசவம் பெரும்பாலும் நல்லபடியாக முடியும் என்பது ஊருக்கே தெரியும்.

மாதம் நெருங்கியபோது ஒரு நாள் காலையில் எனக்கு என்னவோ சரியில்லை என்று தோன்றியது. வலி இல்லை, தண்ணீர் போகவில்லை, காய்ச்சல் இல்லை. பிள்ளையின் துடிப்பு மட்டும் முந்தின நாள்போல இல்லை. மாமியாரிடம் சொன்னேன். இப்போது சொல்லப் பழகியிருந்தேன்.

"தலை இறங்குனா அப்படித்தான் அடங்கும்" என்றார் அவர். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, வலி வந்தால் வாருங்கள் என்றாள். நாங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வார்டிலிருந்து வந்தார்.

"எதுக்கு வந்தீக?" என்று என்னிடம் கேட்டார்.

"துடிப்பு குறைஞ்ச மாதிரி இருக்கு."

"எப்படின்னு சொல்லு."

எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் காத்திருந்தார். "நேத்து வரைக்கும் எட்டி உதைச்சான். இன்னைக்குத் தடவுறான்" என்றேன்.

இதைக் கேட்டு நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உள்ள வா. இன்னைக்கு நீ வீட்டுக்குப் போக வேணாம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் என் மகன் பிறந்தான். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. நீலம் பாரித்து, துவண்ட துணிபோல வந்தான். அழவில்லை. அவர் அவனைக் கவிழ்த்துப் பிடித்து, வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, தன் வாயால் அவன் மூக்கிலும் வாயிலும் ஊதிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. வெள்ளை ரவிக்கை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. பிறகு பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சின்னச் சத்தம். பிறகு பெரிய சத்தம்.

பிள்ளையைத் துணியில் சுற்றி என் மாமியார் கையில் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "நேத்தே வந்ததுனால கண்ணுக்குள்ளயே வச்சுப் பாத்துக்கிட முடிஞ்சுது. வலி வரட்டும்னு வீட்ல இருந்திருந்தா இவன் இல்ல. இந்தப் பிள்ளையைக் காப்பாத்துனது நானில்ல, ஒங்க மருமக வாயி."

என் மாமியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் கூடவே இருந்த ஆளை அன்றுதான் முதலில் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

சேனை வைக்கிற பேச்சு அன்று சாயங்காலமே வந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் குடும்பத்தில் பெரிய மனுஷர் ஒருவர் சீனித்தண்ணியோ தேனோ தொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. எங்கள் வீட்டுப் பெரியப்பா ஒருவர், பெரிய கம்பெனி முதலாளி, தேன் குப்பியோடு வார்டு வாசலில் வந்து நின்றார். வேஷ்டி மடிப்பு கலையாத மனுஷர். அவர் வருவதே பெரிய மரியாதை.

டாக்டரம்மா வாசலில் அவரைக் கும்பிட்டார். "அண்ணாச்சி, பச்சப்பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேற எதுவும் வேணாம்னு நான் சொல்லுவேன். இன்னைக்குப் பிறந்த குடல். வயித்தால போனா தாங்காது. அதுவும் இது கஷ்டப்பட்டு மூச்சு விட்ட பிள்ளை. ஆனா இது என் பிள்ளை இல்ல. பெத்தவ இருக்கா. அவகிட்டக் கேளுங்க."

கட்டிலைச் சுற்றி நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கதவோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா எனக்குச் சைகைகூடக் காட்டவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார், அவ்வளவுதான். நான் சரி என்று சொல்லியிருந்தால் ஒதுங்கி வழி விட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

"வேணாம் பெரியப்பா" என்றேன். "உங்க கையால அவன் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க. அது போதும்."

பெரியப்பாவின் முகம் கறுத்தது. என்ன நடந்திருக்குமோ தெரியாது. என் மாமியார் முன்னால் வந்து, அவர் கையிலிருந்த தேன் குப்பியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "அவதான் வேணாங்கிறாள்ல. பிள்ளைக்கு ஒரு வயசு ஆகட்டும், நானே உங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றார். பெரியப்பா என் மகன் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, நாங்கள் பிள்ளையை எடைபோடத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். நான் முக்காலியிலிருந்து எழுந்தபோது டாக்டரம்மா என் மாமியாரைப் பார்த்து, "நீங்க உக்காருங்கம்மா" என்றார்.

"எனக்கென்ன? நான் நல்லாத்தான இருக்கேன்."

"நீங்க வந்ததுலருந்து பாக்கேன். சுவத்துல சாஞ்சு, காலை மாத்தி மாத்தி நிக்கீக. வண்டியில இருந்து இறங்குறப்ப வயித்தைப் பிடிக்கீக. உக்காருங்க."

உட்கார்ந்தார். கம்பெனியில் கணக்கப்பிள்ளையையும் போர்மேனையும் நிற்க வைத்துப் பேசுகிற மனுஷி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல முக்காலியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நான் பதில் சொல்லிவிடுவேனோ என்று பயந்தவர்போல என் பக்கம் உள்ளங்கையைக் காட்டினார். எனக்குச் சொல்ல எதுவும் தெரியாது என்பது வேறு விஷயம்.

வெகுநேரம் கழித்து என் மாமியார் அழ ஆரம்பித்தார். அவர் அழுது நான் பார்த்ததே கிடையாது. கடைசிப் பிரசவத்தில் அடி இறங்கிவிட்டது என்றார். கர்ப்பப்பை கீழே இறங்கி, நடந்தாலும் உட்கார்ந்தாலும் வேதனை. கிழிந்த புடவையைச் சுருட்டி வைத்துக் கட்டிக்கொண்டே இத்தனை வருஷமும் கம்பெனியைச் சுற்றி வந்திருக்கிறார். மாமனார் இருந்தவரைக்கும் அவரிடமும் சொல்லவில்லை.

"ஏம்மா யாருட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாக?" என்றார் என் மாமியார்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, அங்கே தனக்குத் தெரிந்த டாக்டரிடம் சொல்லி, டாக்டரம்மாவே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த மாமியார், கிணற்றடியிலிருந்து அடுக்களை வரை நிமிர்ந்து நடந்து பார்த்தார். மறுபடியும் கிணற்றடிக்குப் போனார், மறுபடியும் வந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்னத்தா பல்லைக் காட்டுறே? அடுப்பைப் பாரு" என்றார்.

அதன் பிறகு டாக்டரம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு சொல் குறைவாகப் பேச முடியாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். என் மாமியார் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுப்பார். சூடு ஆறி ஏடு படிந்த பிறகுதான் குடிப்பார். பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துவிடுவார். ஒருநாள் என் மாமியார் துணிந்து கேட்டுவிட்டார்: "ஒங்களுக்கு ஏன் டாக்டரம்மா கல்யாணம் ஆகல?"

அவர் சிரித்தார். "நிச்சயம்லாம் பண்ணினாக. எங்க அப்பாட்டக் கேட்டாக, மாமாட்டக் கேட்டாக, ஜோசியர்ட்டக் கேட்டாக. என்கிட்டத்தான் கேக்க மறந்துட்டாக. கேட்டிருந்தா சரின்னுகூடச் சொல்லிருப்பேன். நல்ல மனுஷன்தான்."

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அவரிடம் குறையே இல்லை என்று தோன்றும். அப்படி இல்லை. நாரணாபுரத்துக்காரி விஷயத்தில் அவர் பட்டதையும் சொல்ல வேண்டும்.

அவள் எங்கள் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். பின்னலில் அவள் கைக்கு இணை கிடையாது. விரல் நுனியெல்லாம் வெடிமருந்துச் சாம்பல் நிறம் ஏறியிருக்கும். புருஷன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வருவதற்கு வாரக்கணக்காகும். ஒரு பெண்ணும் ஒரு பையனும் சின்னப் பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்துக்கு வலி கண்டு ஒரு காலை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, இங்கே ஆபரேஷன் செய்ய வசதியில்லை, உடனே மதுரைக்குப் போக வேண்டும் என்று அவளிடமே விவரமாகச் சொன்னார். போகாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து, உனக்கும் ஆபத்து என்றார். பிறகு கேட்டார்: "போறியா?"

"வேணாம்" என்றாள்.

கூட வந்த அவள் சித்தி, "அவ கெடக்கா டாக்டரம்மா, நீங்க வண்டியைப் பிடிங்க" என்றாள். உள்ளங்கை உயர்ந்தது. அவர் மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். அழுதாள், தலையை ஆட்டினாள். டாக்டரம்மா வயிற்றின் மேலாகக் கையால் பிள்ளையைத் திருப்பிப் பார்த்தார், முடியவில்லை. மறுபடியும் கேட்டார். அவள் சரி என்று சொன்னபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கார் கிடைத்து மதுரை போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வயிற்றைக் கிழித்து உயிரில்லாத பிள்ளையை எடுத்தார்கள். அவள் பிழைத்தாள்.

உடம்பு தேறி வந்தவளைப் பார்க்க டாக்டரம்மா நாரணாபுரத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். கூரை வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவர் ஏதோ சொல்ல ஆரம்பிக்கும் முன் அவளே பேசினாள்.

"நான் வேணாம்னு சொன்னா நீங்க விட்டுருவீகளா? ரெண்டு அறை போட்டாச்சும் வண்டியில ஏத்தியிருக்க வேணாமா?"

மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கையால் காட்டினாள்.

"இந்த ரெண்டையும் யாருகிட்ட விட்டுட்டுப் போவேன்? அதுக அப்பன் ஊர்ல இல்ல. சித்தி என்கூட வந்துருவா. மருந்து காயப்போட்ட ஊரு இது, தீக்குச்சி கெடக்கிற ஊரு. அதான் வேணாம்னேன். ஏன் வேணாங்கிறேன்னு நீங்க கேக்கவே இல்லியே."

பொறுக்க மாட்டாமல் நான் சொல்லிவிட்டேன்: "எங்க வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான வார்த்தை என்று தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. என் மாமியார் காப்பியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸுக்கே போனார். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. "தானே சாப்பிட மாட்டேங்கு. உருட்டிக் குடுத்தேன், சாப்பிட்டுச்சு" என்று மட்டும் சொன்னார்.

அவர் கேட்பதை விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். இனிமேல் எல்லா டாக்டர்களையும்போல உத்தரவு போடுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. கேட்டார். வேண்டாம் என்று பதில் வந்தால், தன் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டு, "ஏன் வேணாம்?" என்று கேட்டார். அந்தப் பதிலுக்கும் காத்திருந்தார். காரணங்கள் வந்தன. மாடு கட்ட ஆளில்லை. ஆபரேஷன் என்றால் செத்துப்போவோம். புருஷன் சந்தேகப்படுவான். வீட்டில் பிள்ளைகள் தனியாக இருக்கின்றன. கடைசிக் காரணம்தான் அதிகம் வந்தது. அப்படி வந்தபோதெல்லாம் ஆஸ்பத்திரி ஆயா அந்தப் பிள்ளைகளோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். என் மாமியார் எதுவும் கேட்காமல் பாயை விரிப்பார். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் எங்கள் கூடத்தில் படுத்து எழுந்து போயிருக்கின்றன. ஒன்று என் மகனின் கையைக் கடித்து வைத்துவிட்டுப் போனது. தழும்பு இன்னும் இருக்கிறது.

இரண்டு வருஷமோ கூடவோ கழித்து, நாரணாபுரத்துக்காரி மறுபடியும் மாசமானாள். அவள் மதுரைக்கே போய்விடுவாள், இல்லாவிட்டால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போவாள் என்றுதான் கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். அவளோ ஒரு காலையில் டாக்டரம்மாவின் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். நான் அதற்குள் பிறந்திருந்த என் மகளுக்குத் தடுப்பூசி போட அங்கே போயிருந்தேன்.

அவள் முறை வந்து முக்காலியில் உட்கார்ந்ததும் டாக்டரம்மாவின் கை பேனாவை எடுத்தது, வைத்தது.

"என்கிட்டயா வந்தே?" என்றார்.

"வேற யாருட்டப் போக?"

"நான் உன் பிள்ளையை…"

"தெரியும்" என்றாள் அவள். "நீங்க ஒருத்தர்தான் நான் சொன்னதைக் கேட்டீக. அன்னைக்கு நான் சொன்னது தப்பாப் போச்சு. நீங்க கேட்டது தப்பில்ல."

டாக்டரம்மா எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் அப்படியே நின்றார். பிறகு வந்து அவள் வயிற்றைச் சோதித்தார். முந்தின ஆபரேஷன் தழும்பு இருப்பதால் இந்தத் தடவை வலி வருவதற்கு முன்பே மதுரைக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் என்று சொன்னார். போகிறாயா என்று கேட்டார்.

"பயமா இருக்கு."

"ஏன் பயம்?"

"அங்கன பெரிய ஆஸ்பத்திரி. யாரும் என்கிட்டப் பேச மாட்டாக. கட்டிலோட உருட்டிக்கிட்டுப் போவாக. நீங்க கூட வருவீகளா?"

"வாரேன்" என்றார். லீவு கிடைக்குமா, இங்கே யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் யோசித்தவராகத் தெரியவில்லை.

சீசன் உச்சத்தில் இருந்தபோது அந்த நாள் வந்தது. பிள்ளைகள் இரண்டையும் அவளே எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். பெண்ணுக்கு விவரம் தெரிகிற வயது. தானாகவே உள்ளே போய் உட்கார்ந்தது. பையன் மட்டும் தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். என் மாமியார் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் அமர்த்திய பிளஷர் காரில் டாக்டரம்மா பின்சீட்டில் அவளோடு ஏறிக்கொண்டார். அவள் கணவன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இந்தத் தடவை அவன் லோடு ஏற்றிக்கொண்டு போகவில்லை.

அடுத்த இரண்டு நாளும் தகவல் இல்லை. எங்கள் கம்பெனியில் போன் கிடையாது. பெண் சாப்பிட்டது, தூங்கியது, தம்பிக்குத் தலை வாரிவிட்டது. அம்மா என்று ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. என் மாமியாருக்கு அதுதான் தாங்கவில்லை. "அழுதாலாச்சும் நல்லாருக்குமே" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி, டாக்டரம்மா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கசங்கிய புடவை, கலைந்த தலை, கையில் சின்னப் பை. வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார். நாங்கள் என்ன ஆச்சு என்று கேட்டோம். அவர் எங்களுக்குப் பதில் சொல்லவில்லை. எங்களைத் தாண்டி உள்ளே போய், கூடத்தில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"தங்கச்சி பிறந்திருக்கா" என்றார். "நல்லா பால் குடிக்கா. அம்மா நாலஞ்சு நாள்ல வந்துருவா."

அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்தது. நம்பலாமா என்று எடைபோடுவதுபோலப் பார்த்தது. டாக்டரம்மா அசையாமல் இருந்தார்.

"அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டது.

டாக்டரம்மா சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு யாராவது பதிலுக்குக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் காத்திருந்தது.

"தம்பிக்குத் தலை வாரிவிட்டியான்னு கேக்கச் சொன்னா" என்றார் டாக்டரம்மா. சொல்லி முடிக்கும் முன்பே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

அந்தப் பெண்தான் தம்பியை மடியிலிருந்து இறக்கிவிட்டு, பாவாடை நுனியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டது.